பெட்டியம்மன் தாய்வீடு போன ஆடி

ஜீவனஹள்ளியில் மூன்றாவது கிராஸ் மெயின் ரோட்டில் போய் முட்டுகிற முனையில் ஓர் இரும்புப் பெட்டி நின்றது. ஆறரை அடி உயரம், நாலடி அகலம், சாம்பல் நிறம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் யாரோ லாரியில் கொண்டுவந்து நடைபாதைமேல் நட்டுவிட்டுப் போனார்கள். அதற்குள் ஒரு கம்பி போகவில்லை; அதிலிருந்து ஒரு கம்பி வெளியே வரவில்லை. பெட்டி தன்பாட்டுக்கு நின்று, வலது பக்கமிருந்து வருகிற வண்டிகளை மறைத்தது. கொடுத்த வேலையை ஒன்பது வருஷம் ஒரு நாள்கூட லீவு போடாமல் பார்த்த ஒரே அரசாங்கச் சொத்து அந்த ஊரில் அதுதான்.

அந்த முனையைப் பற்றித் தெருக்காரர்கள் சொல்வதில் மிகை எதுவும் கிடையாது. காக்காய்கூட அங்கே வந்தால் தரையில் இறங்கி, நடந்து, பெட்டிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி பறக்கும். ஒரு செவலை நாய் அங்கேயே படுத்திருந்தது. மெயின் ரோட்டில் பைக் வந்தால் ஒரு குரை, ஆட்டோ வந்தால் இரண்டு, தண்ணீர் லாரிக்கு மூன்று, பஸ்ஸுக்கு ஊளை. ஜனங்கள் அதைக் கேட்டுத்தான் திரும்பினார்கள். மாநகராட்சி வண்டி வந்து நாய்க்கு ஊசி போடப் பிடித்துக்கொண்டு போன மூன்று நாளில் ஐந்து மோதல். நாலாம் நாள் தெருவே திரண்டு போய் மனுக் கொடுத்து நாயை மீட்டது. என்ன பிரயோசனம்? ஊசி போட்ட நாளிலிருந்து அதற்கு ஆட்டோவுக்கும் பைக்குக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது.

ஏழாம் நம்பர் வீட்டு அப்பாதுரைக்கு இதெல்லாம் வேடிக்கையாக இல்லை. முப்பத்தொரு வருஷம் பொம்மசந்திராவில் தகடு வளைக்கிற பிரஸ்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பத்து விரலும் மிச்சமிருக்கிற பிரஸ் ஆபரேட்டர் என்று ஊரில் பெயர் வாங்கியவர். அவர் சம்சாரம் தனக்கோடி காக்ஸ் டவுனில் இரண்டு வீட்டில் சமைக்கிறாள். காலை ஆறரைக்குக் கிளம்பி அந்த முனையைத் தாண்டித்தான் போக வேண்டும். நடைபாதை முழுவதையும் பெட்டி அடைத்துக்கொண்டதால் ரோட்டில் இறங்க வேண்டும். இறங்கினால் வருகிறவனுக்கு அவள் தெரியமாட்டாள். அவளுக்கு வருகிறவன் தெரியமாட்டான். முதல் தடவை ஒரு பைக்கின் கைப்பிடி இடுப்பில் இடித்துப் பத்து நாள் படுக்கை. இரண்டாம் தடவை, போன பங்குனியில், சாப்பாடு கொண்டுபோகிற ஸ்கூட்டர் ஒன்று மோதி இடது மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் போட்டிருந்த இரண்டு மாசமும் அப்பாதுரைதான் சமைத்தார். கட்டுப் பிரித்த அன்று அதிகம் சந்தோஷப்பட்டது கையா நாக்கா என்று தனக்கோடிக்கே தெரியவில்லை.

மூன்றாம் தடவை எது உடையும் என்பதுதான் அப்பாதுரையின் கவலை. காலை ஆறரையிலிருந்து, அவள் போய்ச் சேர்ந்தேன் என்று போன் பண்ணுகிற ஏழு மணிவரை அவருக்குக் காப்பி இறங்காது.

புகார் கொடுக்காமல் இல்லை. தெருவாசிகள் சங்கத்துக்குச் செயலாளர் சேஷகிரி. அரசு உத்தியோகத்தில் மேல்நாற்காலி வரை உட்கார்ந்து எழுந்தவர். மற்றவர்கள் பேரக் குழந்தைகளைப் பற்றிப் பேசுவதுபோல அவர் புகார் எண்களைப் பற்றிப் பேசுவார்.

"நம்பர் வந்துடுத்து, அப்பாதுரை! பதினாலு இலக்கம். போன தடவை பன்னெண்டுதான் இருந்தது. நல்ல முன்னேற்றம் பாருங்கோ."

பெட்டியைப் படம் எடுத்துச் செயலியில் ஏற்றினார்கள். பதில் வந்தது: 'படத்தில் பெட்டி மட்டுமே தெரிகிறது. மறைக்கப்படும் வாகனம் தெரியவில்லை. மறைக்கப்படும் வாகனம் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து அனுப்பவும்.'

சேஷகிரி மூன்று வாரம் முயன்றார். இடது பக்கம் நின்று எடுத்தார், வலது பக்கம் நின்று எடுத்தார், குனிந்து எடுத்தார். கடைசியில் எதிர்வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டிமேல் ஏணி வைத்து ஏறி, பெட்டியும் அதன் பின்னால் வருகிற பைக்கும் ஒன்றாக விழும்படி எடுத்தேவிட்டார். மறுநாள் பதில்: 'படத்தில் வாகனம் தெளிவாகத் தெரிகிறது. ஆகவே மறைப்பு ஏதும் இல்லை. புகார் முடிக்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?'

சேஷகிரி மூன்று கொடுத்தார்.

"எதுக்கு சார் குடுத்தீங்க?" என்றார் அப்பாதுரை.

"பதில் போட்டிருக்காளே. அதுக்காவது குடுக்க வேண்டாமா?"

இன்னொரு புகாருக்கு வளைந்த கண்ணாடி ஒன்றைக் கம்பத்தில் மாட்டிவிட்டுப் போனார்கள். அது ஆகாயத்தைக் காட்டியது. அதற்குப் பிறகு அந்த முனையில் எந்த ஏரோப்ளேனும் யார்மேலும் மோதவில்லை என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.

பெட்டி யாருடையது என்று கேட்டதற்கு மின்சாரக்காரர்கள் தங்களுடையது அல்ல என்றார்கள். தொலைபேசிக்காரர்கள் அல்லவே அல்ல என்றார்கள். மாநகராட்சிக்காரர்கள், இருந்தாலும் இருக்கும், ஆனால் இல்லை என்றார்கள். இப்படி நாலு வருஷம் போனது. ஐந்தாம் வருஷம் எல்லாவற்றையும் கெடுத்தவர் அப்பாதுரையேதான்.

அன்று ஆயுத பூஜை. அப்பாதுரை தன் மொபெட்டைக் கழுவி, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, நடுரோட்டில் பூசணிக்காய் உடைத்தார். விரலில் குங்குமம் மிச்சம் இருந்தது. இடுப்பில் புது வேட்டி. துடைக்க இடம் தேடினார்; பக்கத்தில் பெட்டி நின்றது. மூன்று விரலையும் அதன்மேல் இழுத்துத் துடைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

மறுநாள் அந்த மூன்று கோட்டின்மேல் ஒரு முழம் மல்லிகை இருந்தது. மூன்றாம் நாள் அகல் விளக்கு. தீபாவளிக்குள் மஞ்சள் துணி கட்டியாயிற்று. அடுத்த ஆடியில் யாரோ இரண்டு பித்தளைக் கண்களை ஒட்டினார்கள். அந்த முனையில் நிற்கிறவர்களில் அப்பக்கம் இப்பக்கம் பார்க்கக் கண் உள்ள ஒரே ஆள் அவள்தான் என்று ஆயிற்று. தமிழ்க்காரர்களுக்குப் பெட்டியம்மன், கன்னடக்காரர்களுக்குப் பெட்டிகெம்மா. விரல் துடைத்த கதையை அப்பாதுரை யாரிடமும் மூச்சு விடவில்லை.

தனக்கோடியின் மணிக்கட்டு உடைந்த பிறகு அப்பாதுரை தினமும் வார்டு ஆபீஸில் போய் உட்கார்ந்தார். கடைசியில் அனுஷா என்கிற இளம் இன்ஜினியர் இரண்டு ஆட்களோடும் கேஸ் கட்டரோடும் ஜீப்பில் வந்து இறங்கினாள். கெட்டிக்காரப் பெண்; முகத்தில் வேலை செய்கிற களை இருந்தது. ஆட்கள் பெட்டியைப் பார்த்தார்கள். செருப்பைக் கழற்றினார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பெரியவன் குங்குமம் எடுத்து இட்டுக்கொண்டு, பிரசாதம் உண்டா என்று கேட்டான்.

"அங்கிள், நோடி, பாருங்க, இவங்க யாரும் கட்டர்மேல கை வைக்க மாட்டாங்க," என்றாள் அனுஷா.

"பெட்டிம்மா அது. வெறும் தகடு. பதினாறாம் கேஜு. நான் பாக்காத தகடா?"

"பெட்டின்னா நாளைக்கே எடுத்துடுவேன் அங்கிள். தேவின்னா எடுக்கறதுக்கு நான் யாரு? அவங்களே எழுந்து போனாதான் உண்டு." சொல்லிவிட்டு அவளும் செருப்பைக் கழற்றினாள். அடுத்த வாரம் ஆபீஸில் அவளுக்குப் புது ஜீப் கொடுத்தார்கள். அதற்கும் காரணம் பெட்டியம்மன்தான் என்று அந்த ஆட்கள் சொல்லிக்கொண்டார்கள்.

அன்று அப்பாதுரை ஒரு முடிவுக்கு வந்தார். ஊரிடம் சொல்லுமுன் வீட்டில் சொல்லிவிடுவது. தனக்கோடி அடுப்படியில் இருந்தாள்.

"தனம், ஒன்னு சொல்லணும்."

"பருப்பு வேவுது. சொல்லு."

"அந்த அம்மன் இருக்குதில்ல..."

"என் தாயி. அவளுக்கு இன்னா?"

"அது நான் கை தொடச்சது."

தனக்கோடி கரண்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை. "தெரியுமே," என்றாள்.

"தெரியுமா?"

"வாசப்படியில நின்னு பாத்துனுதான இருந்தேன். புது வேட்டியில தொடைக்கப் போற, நல்லா கேக்கலாம்னு வாயத் தொறக்கறேன், நீ திரும்பி அங்க போயி தொடச்ச. கல்யாணம் ஆன நாள்லருந்து உனுக்கு அறிவு வந்தது அந்த ஒரு தபாதான். அது உன் அறிவாய்யா? அவ வர வச்சது."

"அடியே, அவ அங்க நின்னதாலதான் உன் கையி ஒடஞ்சிது!"

"கையோட போச்சேன்னு பாரு. அவ மட்டும் அங்க இல்லன்னா அந்த ஸ்கூட்டர் வந்த வேகத்துக்கு நான் மொத்தமா போயிருப்பேன்."

"அவ அங்க இல்லன்னா நீ ரோட்டுலயே எறங்கியிருக்க மாட்ட!"

"சாமிகிட்ட லா பாயின்ட் பேசாத. போ, கறிவேப்பில வாங்கினு வா."

கறிவேப்பிலை வாங்கப் போகிற வழியில் அப்பாதுரை பெட்டியைப் பார்த்தார். பித்தளைக் கண்களும் அவரைப் பார்த்தன. யார் சொன்னது பொய், யார் சொன்னது நிஜம் என்று அந்தக் கண்ணில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு வரவேண்டிய போன் ஏழு பத்துக்கு வந்தது. அந்தப் பத்து நிமிஷத்தில் அப்பாதுரை செருப்பில்லாமல் முனைவரை ஓடித் திரும்பியிருந்தார். அவள் போனில் சார்ஜ் இல்லையாம்.

ஆனி மாசக் கடைசி வெள்ளிக்கிழமை அம்மனுக்கு மஞ்சள் நீராட்டு. தனக்கோடியின் மணிக்கட்டு குடம் தூக்காது என்பதால் தண்ணீர் தூக்கும் வேலை அப்பாதுரைக்கு. பெண்கள் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். ஐந்து வருஷத்து மஞ்சளும் எண்ணெயும் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழ, அடிப்பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஓர் அலுமினியத் தகடு பளிச்சிட்டது. அப்பாதுரை குனிந்து படித்தார். செய்தவர்கள் பெயர், ஷெட் நம்பர், அதன் கீழே பொம்மசந்திரா இண்டஸ்ட்ரியல் ஏரியா.

முப்பத்தொரு வருஷம் கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய் இறங்கிய இடம். அந்த ஷெட் அவர் வேலை பார்த்த இடத்துக்கு மூன்று கேட் தள்ளி. அங்கே சூப்பர்வைசர் தியோடர், பஸ்ஸில் பக்கத்து சீட்.

மேலே பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆடி பிறக்கப் போகிறது. யார் மகளை யார் அழைத்து வரப் போகிறார்கள், கட்டிக்கொடுத்த இடத்தில் அனுப்புவார்களா, சீர் என்ன வைப்பது என்கிற பேச்சு. அப்பாதுரை குடத்தைக் கீழே வைத்தார். முகத்தை, சாவு வீட்டுக்கு வந்தவர்போல ஆக்கிக்கொண்டார்.

"எல்லார் வீட்டுப் பொண்ணும் தாய்வீட்டுக்கு வருது," என்றார். "இவ?"

"எவ?"

"இதோ நிக்கறாளே, இவதான். இவ இன்னா இந்தத் தெருவுலயா பொறந்தா? இதோ போட்டிருக்கு பாருங்க, பொம்மசந்திரா. அங்க பொறந்து இங்க வந்து நிக்கறா. ஒம்பது வருசம் ஆவுது. ஒரு ஆடிக்கு அனுப்பிச்சோமா? மழையில நிக்க வச்சோம், வெயில்ல நிக்க வச்சோம், குப்ப வண்டி வந்து இடிக்கறப்பவும் நிக்க வச்சோம். உக்காரும்மான்னு ஒரு வார்த்த கேட்டோமா?"

ஒரு கிழவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இன்னொருத்தி, "அய்யோ, ஒம்பது வருசமா!" என்றாள். கன்னடக்கார வீட்டு அம்மா ஒருத்தி, ஆஷாடத்தில் மகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பாதது மகா பாவம், எங்களிலும் அப்படித்தான் என்று கன்னடத்தில் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள்.

தனக்கோடி புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கால் பங்கு சந்தேகம் இருந்தது. முக்கால் பங்கு சொந்தக் கோபம்.

"என்னையே முப்பத்திநாலு வருசத்துல ரெண்டு தபாதான் அனுப்பிச்ச," என்றாள். "இவளையாவது அனுப்பு."

முடிந்தது. ஜீவனஹள்ளியில் பெண்கள் கூடி எடுத்த முடிவை மாற்றுவதற்கு எந்தச் செயலியிலும் பொத்தான் கிடையாது.

சேஷகிரிக்குத்தான் கொஞ்சம் தடுமாற்றம். "இதை எந்தத் தலைப்புல போடறது? மறைப்பு அகற்றல்னா ரிஜெக்ட் பண்ணிடுவா."

"ஊர்வலம்னு போடுங்க சார்."

ஒன்பது வருஷமாகப் பெட்டியை ஓரடி நகர்த்தத் தெரியாத ஆபீஸ், அம்மன் ஊர்வலத்துக்கு ஒரே நாளில் அனுமதி கொடுத்தது. அனுஷா நேரில் வந்து வழியைப் பார்த்துவிட்டுப் போனாள். அடுத்த நாளே தாழ்ந்து தொங்கிய கிளைகளை வெட்டினார்கள், தொங்கிய ஒயர்களைத் தூக்கிக் கட்டினார்கள், மெயின் ரோட்டுக் குழிகளை மூடினார்கள். அந்தக் குழிகளைப் பற்றித் தெருக்காரர்கள் பதினொரு புகார் போட்டிருந்தார்கள். அம்மன் ஒரு புகாரும் போட்டதில்லை.

அப்பாதுரையின் அக்கா மகன் பிரகாஷ், பழுதாகி நிற்கிற வண்டிகளைத் தூக்கிப்போகும் கிரேன் லாரி ஓட்டுகிறவன். அவன் முதலில் பின்வாங்கினான்.

"மாமா, பஸ்ஸைத் தூக்கியிருக்கேன். கான்கிரீட் லாரியத் தூக்கியிருக்கேன். சாமியத் தூக்குனதில்ல."

"கொக்கி மாட்டறப்ப செருப்பக் கழட்டிடு. அவ்ளோதான் வித்தியாசம்."

ஆடி முதல் வெள்ளி காலை லாரியே தெரியாதபடி பூ. கிரேன் கைக்கும் சாமந்தி சுற்றியிருந்தார்கள். தமட்டை அடித்தார்கள். அப்பாதுரை ஸ்பேனரோடு உட்கார்ந்தார். நாலு போல்ட்டில் இரண்டுக்கு நட்டே போட்டிருக்கவில்லை. மூன்றாவது கையோடு வந்தது. நாலாவதைக் கழற்ற எடுத்துக்கொண்டது பீடி பற்றவைக்கிற நேரம். ஒன்பது வருஷமாக நாலு பேர் சேர்ந்து ஒரு தள்ளுத் தள்ளியிருந்தாலே போதும் என்று அவருக்கு அப்போது தெரிந்தது. ஒன்பது வருஷமாக நாலு பேர் எங்கே சேர்ந்தார்கள்? புகார்தான் போட்டார்கள்.

பெட்டி ஆகாயத்தில் எழுந்தது. குலவை போட்டுக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் நிறுத்தினார்கள். எல்லார் கண்ணும் அம்மனை விட்டுவிட்டு அவள் நின்ற இடத்துக்குப் பின்னால் போயிற்று. மெயின் ரோடு நேராக, நீளமாக, ரயில்வே பாலம் வரைக்கும் தெரிந்தது. அந்தப் பக்கம் ஒரு பேக்கரி இருப்பதே பாதிப் பேருக்கு அன்றுதான் தெரிந்தது. பேக்கரிக்காரன் இந்தத் தெருவை முதன்முதலாகப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

ஊர்வலம் ஓசூர் ரோட்டில் போயிற்று. சில்க் போர்டு சிக்னலில் ஒன்றேகால் மணி நேரம் நின்றது. பக்கத்து வண்டிக்காரர்கள் கண்ணாடியை இறக்கி அம்மனிடம் வேண்டிக்கொண்டார்கள். ஒருத்தர் கற்பூரமே ஏற்றினார். அவர் ஏற்றின அந்த நிமிஷம் பச்சை விழுந்தது. அதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்; பலர் இன்னும் அதே சிக்னலில்தான் இருக்கிறார்கள்.

பொம்மசந்திரா ஷெட் வாசலில் செக்யூரிட்டி நோட்டுப் புத்தகத்தோடு மறித்தான். "உள்ள எது வந்தாலும் என்ட்ரி வேணும்."

தியோடர் வெளியே வந்தார். லாரியைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், லாரிக்குப் பின்னால் இரண்டு வேனில் வந்து இறங்குகிற நாற்பது பெண்களைப் பார்த்தார். அப்பாதுரையைத் தனியே இழுத்தார்.

"குரு, இன்னா இது? போன்ல பழைய பெட்டி ஒன்னு ரிட்டர்ன் வருதுன்னுதான சொன்ன?"

"பெட்டிதான். வழியில கொஞ்சம் அலங்காரம் ஆயிடுச்சி."

"நான் சர்ச்சுக்குப் போறவன்யா."

"உன்ன யாரு கும்புடச் சொன்னா? பொண்ணு பொறந்த வூட்டுக்கு வந்திருக்கு. ஒரு சொம்புத் தண்ணி குடு."

தியோடர் நாற்பது பெண்களை இன்னொரு முறை பார்த்தார். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, சொம்புத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். செக்யூரிட்டி நோட்டில் எழுதினான்: பெட்டி ஒன்று, திரும்பி வந்தது.

"காரணம் போடணும்," என்றான்.

"ஆடி," என்றார் அப்பாதுரை.

காரணம்: ஆடி. நேரம் போட்டுக் கையெழுத்து வாங்கினான். ஷெட்டின் பின்பக்கம், யார் வழியிலும் இல்லாத மூலையில், வேப்ப மரத்தடியில் அம்மனை இறக்கினார்கள். தனக்கோடி பட்டுத் துணியும் வளையலும் வைத்துச் சீர் செய்தாள். உட்கார வைக்க முடியாது என்பதால் ஆசை தீரச் சாய்த்து வைத்தார்கள்.

அந்த ஒரு மாசம் அப்பாதுரை ஆறரைக்கு வாய் கொப்பளித்துவிட்டு ஆறே முக்காலுக்கே காப்பி குடித்தார். தனக்கோடி நடைபாதைமேல் நடந்து போனாள். அம்மன் நின்ற இடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் கோலம் போட்டாள். கோலம் எதையும் மறைக்காது என்பதால் அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

ஆனால் ஆவணி பிறக்காமல் இருக்குமா? பிறந்த அன்றே பெண்கள் ஏழாம் நம்பர் வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் தனக்கோடி.

"ஆடி முடிஞ்சிச்சி. புள்ளையக் கூட்டினு வரணும். பிரகாசுக்கு போனப் போடு."

ஒரு மாசமாகத் தெளிவாகத் தெரிந்த ரோடு மறுபடி அடைபடப் போகிறது. அவளே போய் அடைக்கப் போகிறாள். அப்பாதுரை நாக்கை உதட்டில் ஓட்டினார்.

"நாம யாரு கூட்டினு வர?" என்றார். "நாம வழியனுப்பி வச்ச அக்கம்பக்கத்து சனம். புருசன் வூட்டுக்காரங்கதான போயி அழைக்கணும்? முறைன்னு ஒன்னு இருக்குதா இல்லியா?"

பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். முறை என்று ஒன்று இருக்கத்தான் செய்தது.

"யாரு புருசன் வூடு?" என்றாள் தனக்கோடி.

"எவன் கூட்டியாந்து இங்க நட்டானோ அவன். வந்து, என்னுதுதான்னு கையெழுத்து போட்டு, மரியாதையா கூட்டினு வரட்டும்."

சேஷகிரிக்கு அப்படி ஒரு உற்சாகம் வேலையில் இருந்தபோதுகூட வந்ததில்லை. மூன்று ஆபீஸுக்கும் ஒரே வாசகத்தில் எழுதினார்: ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தாங்கள் இவ்விடத்தில் நிறுவிய பெட்டி, தற்போது பொம்மசந்திராவில் உள்ளது, உரிமையை எழுத்தில் ஏற்று, உடன் அழைத்துச் செல்லவும். பதில் வர ஒரு நாள்கூட ஆகவில்லை. மறுப்பதென்றால் அவர்களுக்கு எப்போதுமே சுறுசுறுப்பு. மின்சாரக்காரர்கள்: எங்களுடையது அன்று. தொலைபேசிக்காரர்கள்: எங்கள் பதிவேட்டில் இல்லை. மாநகராட்சியிலிருந்து: 'குறிப்பிட்ட முனையை எங்கள் குழு ஆய்வு செய்தது. அங்கே பெட்டி எதுவும் இல்லை. இருந்ததற்கான அடையாளமும் இல்லை. இல்லாத பெட்டியைப் பற்றிப் புகார் அளிப்பது தண்டனைக்குரியது.'

சேஷகிரி மூன்றையும் அச்சடித்துக்கொண்டு வாசலில் நின்று வாசித்தார். "மூணு பேரும் கைவிட்டுட்டா, அப்பாதுரை! எழுத்துப்பூர்வமா!"

தனக்கோடி கேட்டுக்கொண்டு நின்றாள். அப்பாதுரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரஸ்ஸில் விரலை வைத்துவிட்டு மேல்தகடு இறங்குமா நிற்குமா என்று பார்க்கிறவன் பார்வை அது.

"ஒம்பது வருசம் வாசல்ல நிக்க வச்சிட்டு, இப்ப யாருன்னே தெரியாதுன்றானுங்களா?" என்றாள் தனக்கோடி. "இருந்த அடையாளமே இல்லியாமே! தூ! இப்படிக்கொத்த வூட்டுக்கு அவ எதுக்கு வரணும்? பொறந்த எடத்துலயே ராசாத்தியா இருக்கட்டும். யாருனா கூட்டியாறேன்னு பொம்மசந்திரா பக்கம் போனீங்க, காலை ஒடச்சிடுவேன்."

பெண்கள் எல்லாரும் ஆமாம் என்றார்கள். மூன்று ஆபீஸையும் பேர் சொல்லி மண்ணை வாரித் தூற்றினார்கள். அதில் ஒரு ஆபீஸில் அன்று மத்தியானம் கரண்ட் போனதாகக் கேள்வி, மின்சாரக்காரர்கள் ஆபீஸில்.

மறுநாள் காலை ஆறரை. தனக்கோடி கிளம்பினாள். அப்பாதுரை வாயில் பிரஷ்ஷோடு வாசலுக்கு வந்து நின்றார். அவள் நடைபாதையிலேயே நடந்து முனைவரை போய், மெயின் ரோட்டைக் கடக்கிறதற்காக நின்று, வலது பக்கம் திரும்பிப் பார்த்தாள். அறுபதடியில் ஒரு பைக் பறந்து வந்தது. பைக்காரனும் அவளைப் பார்த்தான். பார்த்ததும் பிரேக் போட்டான். வண்டி கிறீச்சென்று இழுத்துக்கொண்டு வந்து, அவளுக்கு நாலடி முன்னால் நின்றது.

"ஏனம்மா, கண்ணு காண்சல்வா?" என்று, கண் தெரியவில்லையா என்கிற அர்த்தத்தில், அவன் கன்னடத்தில் கத்தினான்.

தனக்கோடி முந்தானையை இடுப்பில் செருகினாள். முன்பெல்லாம் அந்த முனையில் மோதி விழுந்த பிறகுதான் திட்ட முடியும். வலியில் பாதி மறந்துபோகும், பாதி முனகலாகிவிடும். இப்போது திட்டப்படுகிறவன் முகம் தெரிந்தது, அவன் தலையில் ஹெல்மெட் இல்லாதது தெரிந்தது, நிறையச் சொல்ல இருந்தது. அவள் தமிழில் ஆரம்பித்து, கன்னடத்துக்குப் போய், உருதுவில் இரண்டு வார்த்தை எடுத்துக்கொண்டு, மறுபடி தமிழுக்கு வந்தாள்.

அப்பாதுரை பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டு நின்று கேட்டார். எலும்பு ஒன்றும் ஒடியாத, முழுசு முழுசான வசவுகள். கேட்டு முடித்துவிட்டு உள்ளே போய்க் காப்பி போட்டார்.